நான்கு தேன்நிறச் சில்லுகள்

நான் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆய்வகத்தில், கற்சில்லுகளைப் பொருத்திப் பார்ப்பதற்கென்று இருந்த நீண்ட மேசையை அண்மையில் அகற்றிவிட்டார்கள். இனி ஒவ்வொரு சில்லையும் ஒரு கருவி சுழற்றிச் சுழற்றிப் படமெடுக்கும். எது எதனோடு பொருந்தும் என்பதைக் கணினி சொல்லும். இதைத் தெரிவித்த இப்போதைய பணியாளர்கள், கையால் பொருத்திய காலத்தைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் கொடுத்தேன். அதில் அடங்காததைத் தமிழ்ச் சங்க மலருக்காக இங்கே எழுதுகிறேன். மேசை போனதில் எனக்கு வருத்தமில்லை. அதன் முன் குனிந்து நின்ற முதுகு உள்ளவர் எவரும் அதற்காக அழமாட்டார்.

வேலை இதுதான். ஆதிமனிதர் ஒருவர் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிக் கத்தி செய்கிறார். சில்லுகள் சிதறுகின்றன. கத்தியை எடுத்துக்கொண்டு அவர் போய்விடுகிறார். பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து நாம் சில்லுகளைத் தோண்டியெடுத்து, ஒன்றோடொன்று பொருத்துகிறோம். எல்லாம் கூடிவந்தால் பழைய கல் மீண்டும் உருவாகும். நடுவில் மட்டும் ஒரு வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடம் அவர் எடுத்துச் சென்ற கத்தியின் வடிவில் இருக்கும்.

இந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் மதாம் ஒதில், பிரான்சிலிருந்து டெக்சாஸுக்கு வந்த தொல்பழங்கால ஆய்வாளர். எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை சரிந்து, என் கணவர் ராகவனின் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் யாரோ ஒருவர் அட்டைப்பெட்டியோடு வெளியேறிக்கொண்டிருந்தார். திருச்சியில் நிலவியல் முதுகலை படித்துவிட்டு ஹூஸ்டனில் வீட்டிலிருந்த நான், பல்கலைக்கழக ஆய்வகமொன்றில் கல் கழுவ ஆள் தேவை என்ற அறிவிப்பை அவரிடம் காட்டினேன்.

"எம்.எஸ்ஸி படிச்சுட்டு கல்லு கழுவற வேலையா?" என்று கேட்ட ராகவன், அடுத்த நொடியே, "பரவாயில்ல, அப்ளை பண்ணு. நம்ம வீட்டுல ஒருத்தர் வேலையாவது ஸ்டெடியா இருக்கட்டும். கல்லுக்கு லே-ஆஃப் கிடையாது" என்றார்.

நேர்காணலில் மதாம் ஒரு சில்லை நீட்டினார். வாங்கிப் பார்த்து, பாறையின் பெயர், அது உருவாகும் விதம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கல்லின் பெயர் எங்கேயும் ஓடிவிடாது. அது எங்கே கிடந்தது என்று கேட்காமலே கையில் வாங்கிவிட்டீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். வேலை போயிற்று என்று நினைத்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். ஒன்பது ஆண்டுகளில் அவர் என்னை ஒருமுறைகூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எப்போதும் "மதாம் ராகவன்"தான். அந்த ஒரே கேள்வியைக் கேட்காத நாளும் கிடையாது: எங்கே இருந்தது?

அக்கேள்விக்குப் பின்னால் அவருடைய வாழ்க்கையே இருந்தது. தென்மேற்குப் பிரான்சின் சுண்ணாம்புப் பள்ளத்தாக்கு ஒன்றில் அஞ்சல்காரரின் மகளாகப் பிறந்தவர். மாணவியாக அகழாய்வுக்குப் போன காலத்தில், பெண்கள் கல்லைக் கழுவலாம், வரையலாம், தோண்டக்கூடாது என்பது அங்கே வழக்கம். அவர் கழுவினார். கழுவும்போது, வெவ்வேறு குழிகளிலிருந்து வந்த இரண்டு பெட்டிகளில் இருந்த சில்லுகள் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்டார். இரண்டு குழிகளும் வெவ்வேறு காலத்தவை என்று பேராசிரியர் ஏற்கெனவே எழுதி அச்சாகியிருந்தது. ஒட்டிய கல்லைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தார் ஒதில். பேராசிரியர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தம் தோண்டும் கரணையை எடுத்து ஒதிலின் கையில் கொடுத்தார். பிறகு ஒதில் இருபது ஆண்டுகள் வடக்குப் பிரான்சின் ஆற்றங்கரைகளில், பனிமான் வேட்டைக்காரர்கள் தங்கிய முகாம்களைத் தோண்டினார். ஓராண்டுப் பாடம் நடத்த டெக்சாஸுக்கு வந்தவர் ஒன்பதாண்டு தங்கிவிட்டார். காரணம் கேட்டால், "இங்கே வானம் பெரிது, பேராசிரியர்கள் குறைவு" என்பார்.

அவரிடம் நான் கற்ற நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலத்தை ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரிப்போம். குழியாக இறங்காமல், பாயைச் சுருட்டுவதுபோல மண்ணைத் தளம் தளமாக நீக்குவோம். தென்பட்ட கல்லை எடுக்கமாட்டோம். சுற்றிலும் உள்ள அனைத்தும் வெளிப்படும்வரை அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். பிறகு நீளம், அகலம், ஆழம் என மூன்று அளவு. அதன்பின் வரைபடம். அதன்பின்தான் கை. ஆய்வகத்தில் மென்தூரிகையால் கழுவி, மெல்லிய நிப்பால் எண் எழுதி, அதன் மேல் ஒரு துளி வார்னிஷ் பூசுவோம்.

மதிய உணவுக்கு முழுதாக ஒரு மணி நேரம். கொளுத்தும் டெக்சாஸ் வெயிலிலும், டிரக்கின் பின்பலகையில் கட்டம் போட்ட மேசைவிரிப்பை விரித்த பிறகுதான் மதாம் சாப்பிடுவார். என் புளியோதரையை முள்கரண்டியால் ஆராய்ந்து உண்டார். நார்த்தங்காய் ஊறுகாயை அவருடைய நாற்றமடிக்கும் பாலாடைக்கட்டியின் மேல் வைத்துச் சாப்பிட்ட அன்று, எங்கள் நில அளவையாளர் சிவநேசன் எழுந்து நின்று பார்த்தார். "அக்கா, இவ போன பிறப்பில யாழ்ப்பாணத்தில பிறந்திருக்க வேணும்" என்றார்.

சிவநேசன் இலங்கையில் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். ஊரை விட்டு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. அளவைக் கருவியின் பின்னால் அவர் நின்றால் ஒரு நூலிழை தவறாது; வாயும் நிற்காது.

சாப்பிட்ட பின் கல் தட்டும் பயிற்சி. தட்டத் தெரியாதவருக்குச் சில்லின் மொழி புரியாது என்பது மதாமின் கொள்கை. மலைப்பகுதியிலிருந்து டிரக்கில் கொண்டுவந்த தேன்நிறக் கற்களை மான்கொம்பால் தட்டுவோம். அதற்கு இரண்டு விதிகள். தார்ப்பாயின் மேல் உட்கார்ந்துதான் தட்ட வேண்டும். ஒரு பொடிகூட விடாமல் வாரித் தகர டப்பாவில் போட வேண்டும். நாம் உடைத்த கல் மண்ணில் விழுந்தால், பிறகு அதை அவர்கள் உடைத்ததிலிருந்து எப்படிப் பிரிப்பது?

இனி, அந்த இடத்தைப் பற்றி. ஹூஸ்டனை அடுத்த கேட்டி அப்போது நெல்வயல்களின் ஊர். அதற்கு மேற்கே, ஓர் ஓடைக்கரையில், கரிய களிமண்ணின் இரண்டடி ஆழத்தில் பழைய முகாம் ஒன்று தென்பட்டது. அந்தச் சமவெளியில் இயற்கையாக ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. எனவே அங்கே கிடைத்த ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருவர் சுமந்து வந்தது. ஆனால் அதன் குறுக்கே வெள்ள வடிகால் கால்வாய் ஒன்று வெட்டப்படவிருந்தது. எங்களுக்குக் கொடுத்த தவணை ஒரு கோடைக்காலம். முகாமின் தரை கலையாமல் அப்படியே இருக்கிறது என்று நிறுவினால், கால்வாயின் பாதையை மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். மண் புரண்டு கலந்துவிட்டது என்றால், பொக்லைன் அதன்மேல் இறங்கும்.

கால்வாயை நான் பகையாகக் கருதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கீழ்ப்பகுதியில் புதிதாக எழுந்த வீடுகளில் என் தோழி லலிதாவின் வீடும் ஒன்று. முந்தைய ஆண்டுப் புயல்மழையில் அவள் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

"ஏண்டி, உங்க கல்லுக்காக நான் மறுபடியும் சோபாவை மாடிக்குத் தூக்கணுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழை எதுவும் இல்லை. செத்தவர்களின் தரையை உயிரோடிருப்பவர்களின் தரைக்கு எதிராக நிறுத்தும் ஒரு தொழிலை நான் செய்ய விரும்பவில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கத்தவள். கரிசல் மண் கோடையில் விரல் நுழையும் அளவு வெடிக்கும், மழையில் மூடிக்கொள்ளும், வெடிப்பில் இறங்கிய மேல்மண் ஒரு மங்கிய கோடாகத் தங்கும் என்பது எனக்குப் பழக்கமான செய்தி. கேட்டியின் களிமண்ணும் அதே குணம். ஆகவே ஒவ்வொரு தளத்திலும் அக்கோடுகளைப் புள்ளிக்கோடாக வரைந்து வைத்தேன். சிவநேசனுக்கு அது கூடுதல் வேலை.

"வெடிப்பையும் வடிவாக் கீறச் சொல்லுறா. நாளைக்கு எறும்புக்கும் நம்பர் போடச் சொல்லுவா" என்று கருவியிடம் முறையிட்டார். அவர் ஊரில் வடிவாகக் கீறுவது என்றால் ஒழுங்காக வரைவது.

ஆகஸ்டில் பதினோரு சில்லுகள் பொருந்தின. எல்லாமே ஒரே ஆழத்தில், ஒரு வெற்றிடத்தைச் சுற்றி அரைவட்டமாகக் கிடந்தவை. அந்த வெற்றிடத்தில்தான் தட்டியவர் உட்கார்ந்திருந்தார். மதாம் அந்த வரைபடத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு எல்லோருக்கும் காபி வாங்கி வந்தார். அப்படி அவர் முன்பு செய்ததில்லை.

அடுத்த வாரம் பக்கத்துக் கட்டத்திலிருந்து வந்த நான்கு தேன்நிறச் சில்லுகள் என் கையில் ஒன்றோடொன்று சொடுக்கென்று சேர்ந்தன. பூரிப்போடு மதாமிடம் ஓடினேன்.

"எங்கே இருந்தது?" என்றார்.

அளவுகள் எழுதிய அட்டைகளைப் பார்த்துப் படித்தேன். ஒன்று நான்கு விரல் ஆழத்தில். ஒன்று ஓரடியில். இரண்டு, முகாமின் தரையிலேயே. படித்து முடிப்பதற்குள் என் குரல் இறங்கிவிட்டது. ஒரே கல்லின் துண்டுகள் மேலும் கீழும் பரவிக் கிடக்கின்றன என்றால், மண் புரண்டிருக்கிறது. மண் புரண்டிருந்தால், அரைவட்டம் தற்செயல்.

மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாழக்கிழமை நடக்கும் கால்வாய்க் கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டும். நாமே சொல்ல வேண்டும். நான்கையும் அறிக்கைக்கு வரைந்து வையுங்கள்" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மறைப்பதைப் பற்றி அவர் ஒரு கணமும் எண்ணவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவற்றை வரைய உட்கார்ந்தேன். உருப்பெருக்கியின் கீழ், அடி விழுந்த விளிம்பில் செம்மையான ஒரு கீற்று மின்னியது. மண்கறை என்று எண்ணித் தூரிகையால் தேய்த்தேன். போகவில்லை. அது உலோகம். செம்பு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஜூலையில் மதாம் இரண்டு நாள் ஆஸ்டினுக்குப் போயிருந்தார். மான்கொம்பு தமக்குச் சரிப்படவில்லை என்று சொல்லி, சிவநேசன் குழாய்க்கு மாட்டும் செப்பு மூடியொன்றை மரக்கைப்பிடியில் செருகி ஒரு சுத்தியல் செய்திருந்தார். அன்று தார்ப்பாயைக் குழிக்கு நிழலாகக் கட்டியிருந்தோம். அவிழ்க்கச் சோம்பல். அதுவரை தோண்டாத பக்கத்துக் கட்டத்தின் மேலேயே உட்கார்ந்து, இருவரும் மாறி மாறித் தட்டினோம். கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கினோம். காலடியில் நிலம் வெடித்துக் கிடந்தது. அந்த வாரக் கடைசியில் மழை பெய்து வெடிப்புகள் மூடிக்கொண்டன.

சிவநேசனை அழைத்து உருப்பெருக்கியைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். வில்லையை ஒருமுறை திருகிவிட்டு மறுபடி பார்த்தார்.

"அக்கா, இது எங்கட பைப் மூடி."

"ஆமா."

"நாலும் எங்கடையோ?"

"நாலும்தான்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்ப நல்லதுதானே. பழைய கல்லு கலங்கேல்லை."

"முழுசா யோசிங்க சிவா. நம்ம கல்லு ரெண்டடி கீழ போயிருக்கு. அப்ப எந்தக் கல்லும் போகுமேன்னு கால்வாய் இன்ஜினியர் கேப்பாரு. நாம வாயைத் திறந்தா அதுவும் சேர்ந்து வெளிய வரும்."

"திறக்காட்டி?"

"திறக்காட்டி, மதாம் பொய்னு தெரியாம ஒரு பொய்யைக் கூட்டத்துல சொல்லுவாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, நான் தனிய உடைச்சனான் எண்டு சொல்லுங்கோ. மூடி என்ரதுதானே."

"உங்க பேப்பர்ஸ் பெண்டிங்ல இருக்கு. வேலை போனா கஷ்டம். நான் தனியா சொல்லிக்கறேன்."

"அந்தக் கதை வேண்டாம் அக்கா. ரெண்டு பேரும் இருந்தனாங்கள், ரெண்டு பேரும் போவம். நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ. நான் உங்களுக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டு வாறன்."

மதாமின் அறையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்: தார்ப்பாய், செம்பு, சோம்பல், மழை. அவர் ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. இதை இவ்வளவு நாள் எப்படிச் சொல்லாமல் இருந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. நான் நிறுத்திய பிறகு, அவர் கேட்டது இதுதான்:

"எங்கே இருந்தன?"

"சொன்னேனே மதாம். ஒன்று நான்கு விரல் ஆழத்தில்…"

"ஆழம் இல்லை. உங்கள் புள்ளிக்கோடுகள், மதாம் ராகவன். அவற்றுக்கு எவ்வளவு தூரத்தில்?"

சிவநேசன் எனக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். சொல்லாமலே ஓடிப்போய் வரைபடச் சுருளையும் ஒளிபுகும் தாளையும் கொண்டுவந்தார். வெடிப்புக் கோடுகளை ஒரு தாளில் படியெடுத்து, கற்கள் கிடந்த இடங்களின் மேல் வைத்தோம். எங்கள் நான்கு சில்லுகளும் கோட்டின் மேல் விழுந்தன, கம்பியில் கோத்த மணிகள்போல. பதினோரு பழைய சில்லுகளில் ஒன்றுகூடக் கோட்டைத் தொடவில்லை. அவை வெடிப்புகளுக்கு இடையில், அசையாத களிமண்ணில், தட்டையாகப் படுத்திருந்தன. கல் வெடிப்பின் வழியாக மட்டுமே இறங்கியிருந்தது; அரைவட்டம் கலையவே இல்லை. பழைய பொடிச்சில்லுகள் ஆறு மட்டும் கோட்டின் மேல் இருந்தன. மதாம் அவற்றைத் தம் கையாலேயே கணக்கிலிருந்து அடித்தார்.

பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள்கள் குலுங்க, கண்ணாடி மூக்கிலிருந்து இறங்க, அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. "இந்தச் சோதனையைச் செய்ய எனக்கு ஒருபோதும் அனுமதி கிடைத்திருக்காது. வேண்டுமென்றே ஒரு தொல்லிடத்தின் மேல் கல்லைப் போடுவதற்கு யார் கையெழுத்திடுவார்?" என்றார். சிரிப்பு அடங்கியதும், செப்புச் சுத்தியலைத் தம் மேசையில் கொண்டுவந்து வைக்கும்படி சிவநேசனிடம் சொன்னார். அடுத்த இரண்டு மாதங்களுக்கு, ஆய்வகத்தில் அனைவருடைய வாளிகளையும் கழுவும் பொறுப்பு எங்கள் இருவருக்கும் கிடைத்தது.

வியாழக்கிழமைக் கூட்டம் கேட்டியில் ஒரு பொதுக்கூடத்தில் நடந்தது. விவசாயிகள், வீட்டுக்காரர்கள், வடிகால் அலுவலகத்தார். மூன்றாம் வரிசையில் லலிதா. மதாம் இரண்டு தாள்களையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டி, யார் என்ன தவறு செய்தோம் என்பதை எங்கள் பெயரோடு சொன்னார். முதலில் தம் பெயர். அவர் இல்லாத நாள்களுக்கும் அவரே பொறுப்பாம்.

வடிகால் பொறியாளர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்கள் ஆட்கள் தவறு செய்தார்கள் என்கிறீர்கள். அதையே சான்றாகவும் காட்டுகிறீர்கள்."

"ஆம். எங்கள் தவறு எங்கே போயிற்று என்று எங்களுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் தெரியும். உங்கள் தவறுகளைப் பற்றி நீங்கள் அப்படிச் சொல்ல முடியுமா?"

கூடம் சிரித்தது. பொறியாளரும் சிரித்தார். லலிதா எழுந்து, பாதையை மாற்றினால் மழைக்கு முன் கால்வாய் முடியுமா, முடியாதா என்று ஒற்றை வாக்கியத்தில் கேட்டாள். அக்கேள்விக்குப் பதில் இல்லையென்றால், எங்கள் தாள்கள் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

பதில் சொன்னவர் சிவநேசன். அறுபதடி தெற்கே விலக்கினால் சரிவு மாறாது, புதிய முளைக்குச்சிகளைத் தாம் இரண்டே நாளில் நட்டுத் தர முடியும் என்று, எழுதி வந்த எண்களைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்தார். முந்தைய நாள் முழுதும் அவர் அதைத்தான் கணக்கிட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெற்கே இருந்த வயலின் உரிமையாளர், அந்த மூலையில் எப்படியும் நெல் சரியாக வருவதில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வெளியே வரும்போது லலிதா என் முழங்கையைப் பிடித்தாள். "உங்க மதாம் சூப்பர்டி. தப்பு பண்ணிட்டோம்னு மைக்ல சொல்லி ஜெயிச்சவங்களை இப்பதான் பார்க்கறேன். ஆனா என் வீட்டுல தண்ணி வந்துச்சுன்னா, சோபாவைத் தூக்க நீங்க மூணு பேரும்தான் வரணும்."

போக வேண்டியிருக்கவில்லை. கால்வாய் அறுபதடி விலகிய பாதையில் அக்டோபரில் முடிந்தது. அடுத்த பெருமழையன்று அவள் தொலைபேசியில் அழைத்து, தெருவில் தண்ணீர் ஏறி, நின்று, இறங்கியதை ஒரு கிரிக்கெட் வர்ணனையாளரைப் போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அறிக்கை வெளிவந்தபோது அதில் ஓர் இயலுக்கு "எங்கள் தவறு" என்று தலைப்பிட்டிருந்தார் மதாம். அந்த இயலுக்கு ஆசிரியர்கள் என்று சிவநேசன் பெயரும் என் பெயரும் அச்சாகியிருந்தன. சிவநேசனின் அகதி விண்ணப்பத்தோடு அதன் படி ஒன்றும் போயிற்று. அது ஏற்கப்பட்ட அன்று மேசைவிரிப்பை விரித்து, பாலாடைக்கட்டியும் புளியோதரையும் சாப்பிட்டோம். மதாம் தம் பள்ளத்தாக்குக்குத் திரும்பிப்போய் நெடுங்காலம் நிறைவாக வாழ்ந்தார். ஆண்டுக்கொரு கடிதம் வரும். முகவரியில் "மதாம் ராகவன்".

அந்த முகாமை நாங்கள் முழுதாகத் தோண்டவில்லை. இன்னும் நல்ல கருவிகளோடு வருகிறவர்களுக்கென்று பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கச் சொன்னார் மதாம். அதன்மேல் இப்போது புல் வளர்ந்திருக்கிறது. கால்வாய் ஓரமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். சிவநேசன் அங்கேயே வீடு வாங்கிவிட்டார். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவரும் ராகவனும் நானும் நடந்துகொண்டிருந்தபோது, புதிதாகக் குடிவந்த ஓர் இளம்பெண் எங்களோடு சேர்ந்துகொண்டாள். சென்னைக்காரி, மென்பொருள் வேலை.

"அங்கிள், இந்த கெனால் ஸ்ட்ரெய்ட்டா வந்துட்டு இங்க மட்டும் ஏன் இப்படி வளையுது? இன்ஜினியர் தப்பா ப்ளான் போட்டுட்டாரா?" என்று கேட்டாள்.

சிவநேசன் நின்றார். நல்ல நாளிலேயே அவருக்குப் பெருமை அடக்க வராது.

"அவர் வடிவாத்தான் கீறினவர், பிள்ளை" என்றார். "பிழை விட்டது நானும் இந்த அக்காவும்."